இரண்டு புளியங்கொட்டை

12.05.2024, ஞாயிறு

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவு. இருந்தவர்கள்: என் மச்சாள் இரத்தினம்மா, இவரின், என் புருஷனின், தங்கை. அவளின் பேரன் சிவதர்ஷன். அவன் மனைவி தனுஷிகா. முப்பத்தொரு நாள் பெண்குஞ்சு. என் மகள் குணலட்சுமி. நான். ஐயர் தண்ணீர் தெளித்த கையோடு போய்விட்டார். ஆனாலும் வந்தவர்தான், அவரையும் எழுதவேண்டும்.

பிள்ளைக்கு முடி பஞ்சு வெள்ளை. இமையும் வெள்ளை. என் மகள் குணம் பிறந்தபோது இருந்தது போலவே. தனுஷிகாவுக்குக் கேட்கவே சொன்னாள் இரத்தினம்மா: "எங்கடை பக்கத்திலை உப்பிடி ஒருத்தரும் இல்லை. இவள் எங்கையிருந்து கொண்டு வந்தவளோ!"

1979 ஆவணியில், குணத்தைப் பெற்ற எனக்குச் சொன்ன அதே சொல். ஒரு எழுத்து மாறவில்லை. சிவதர்ஷன் தனுஷிகாவைப் பார்த்த பார்வை சரியில்லை. பிள்ளையோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவான் போல.

15.05

தனுஷிகாவோடு கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பெண்பிள்ளை சொன்னதை மறக்கமுன் எழுதுகிறேன். நிறத்துக்கு ஆளுக்கு இரண்டு பங்கு. தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று. நிறமுள்ளது ஒன்று இருந்தாலே போதும். வெறும் பங்கு அதன் பின்னால் ஒளிந்திருக்கும் – பரம்பரை பரம்பரையாக! இரண்டு வெறும் பங்கும் சேர்ந்தால்தான் பிள்ளை வெள்ளை.

"அப்ப தாய் மட்டும் குடுத்தாக் காணாதோ, பிள்ளை?"

"காணாது அம்மா. தகப்பனும் குடுத்திருக்க வேணும்."

இன்னொருதரம் சொல்லவைத்துக் கேட்டேன். நாற்பத்தைந்து வருஷம் என்மேல் மட்டும் பழி!

16.05

தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல இரண்டு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்தேன். ஒன்று தாய், ஒன்று தகப்பன்; வெள்ளைப் பக்கம் வெறும் பங்கு. எறிந்தேன். நாற்பது எறியில் பதினொரு தரம் இரண்டும் வெள்ளை! பிறகு தகப்பனுக்குத் தேய்க்காத கொட்டை போட்டேன். நூறு எறி. ஒருதரமும் இல்லை. எப்படி விழும்? சமைக்க மறந்துபோனேன். குணம் பாண் வாங்கி வந்தாள்.

19.05

கொட்டைகளோடு இரத்தினம்மா வீட்டுக்கு.

"மச்சாள், உங்களுக்கென்ன விசரோ?" என்று சிரித்தாள்.

"ஓம், விசர்தான். நீ பொத்திக்கொண்டு பார்."

டொக்டர் சொன்னதைச் சொல்லி, தகப்பனுக்குத் தேய்க்காத கொட்டையைக் கொடுத்து, சிவதர்ஷனையே எறியவிட்டேன். எறிந்து எறிந்து ஓய்ந்தான்; இரண்டும் வெள்ளையாக விழவேயில்லை. "அப்ப எனக்குள்ளையும் இருக்கு. எங்கையிருந்து வந்தது, அப்பாச்சி?" என்று இரத்தினம்மாவைக் கேட்டான்.

அவள் சிரிப்பு நின்றது. நான் சொன்னேன்: மாமியின், அதாவது இரத்தினம்மாவின் தாயின், தம்பி ஒருவர், வெள்ளை முடி, வெயிலுக்கு வராமலே பத்து வயதில் செத்தவர். 1974 தைப்பொங்கலன்று மாமி வாய்தவறிச் சொன்னா.

"எனக்கும் அம்மா சொன்னவ," என்றாள் மெல்ல. "வெளியிலை சொன்னால் எங்கடை வீட்டிலை சம்பந்தம் செய்யமாட்டினமெண்டு சத்தியம் வாங்கினவ."

சிவதர்ஷன் எழும்பிப்போய் தனுஷிகாவின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கினான். "வெயிலுக்குத் தொப்பி வாங்க வேணும், என்ன?" என்று அவளைக் கேட்டான். எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. இந்த முழங்காலோடு!

20.05

தனுஷிகா சிரிக்கிறாள்.

26.05

இரத்தினம்மா வந்தாள். குணத்தின் கையைப் பிடித்து, "என்ரை அண்ணையின்ரை பிள்ளை," என்று அழுதாள். போகட்டும். தாய்க்குப் பயந்தவள். அவளை மன்னித்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பொங்கலன்று மாமி சொன்னதை இன்னொருவரும் கேட்டவர். குணம் பிறந்தபின் நான் அந்தக் கதையை எடுத்தேன். "நான் எப்ப சொன்னனான்?" என்றா மாமி. "நீங்களும் கேட்டனீங்கள்தானே?" என்று இவரைக் கேட்டேன். தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சாகும்வரை அதைப்பற்றி ஒரு சொல் இல்லை.

புருஷனின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பத்திரங்களிலும் மகளைக் கொண்டுதான் எழுதுவித்தேன். இன்று என் கையால் எழுதுகிறேன்.

சோமசேகரம்.