ஒற்றைக் கட்டில் கேபின்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உனக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் பேசியிருக்கலாமே என்பாய். பேசலாம். நான் பேசுவேன், நீ “ம், ம்” என்று கேட்டுக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாய். அந்தத் துணி உரசுகிற சத்தம் எனக்கு இங்கே கேட்கும். கடிதமென்றால் படித்துத்தானே ஆகவேண்டும்.

நீ அனுப்பிய புதுச் சுற்றுலாக் கப்பல் கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். நம் பழைய கம்பெனியின் புத்தகத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இதற்கு அது, அதற்கு இது என்று பார்த்தேன். ஆறு தடவை போய்வந்த கப்பலை விட்டுவிட்டு இன்னொன்றில் ஏறுவதென்றால் சும்மாவா? ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவள் நான். டாக்டரே நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுக் கப்பல் பெரியது, அதனால் ஆட்டம் குறைவாக இருக்கும். டாக்டர்கள் இரண்டு பேர். நம் கப்பலில் ஒரே டாக்டர், அவருக்கே பாதி நாள் வாந்தி. இந்த இரண்டு விஷயத்திலும் புதுசுதான் மேல், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பதினாலு மாடியாம். நடுவில் கடைத்தெருவாம். மேலே தண்ணீர்ச் சறுக்கு வேறு. சறுக்குவதற்கு நம் இரண்டு பேருக்கும் இடுப்பு எங்கே இருக்கிறது? நம் கப்பலில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு குரல் கொடுத்தால் நீ எங்கிருந்தாலும் வந்துவிடுவாய். அந்தப் பதினாலு மாடியில் உன்னை நான் எங்கே போய்த் தேடுவது?

சாப்பாட்டுக்கு வருகிறேன். புதுக் கப்பலில் பதினொரு இடத்தில் சாப்பிடலாம், எந்த நேரமும் சாப்பிடலாம், யாரோடு வேண்டுமானாலும் உட்காரலாம் என்று போட்டிருக்கிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நம் கப்பலில் நமக்கென்று ஒரு மேஜை. ஜன்னலோர நாற்காலி உனக்கு. பரிமாறுகிற மொட்டைத்தலைக்காரர் முதல் தடவை நான் சொன்னதை ஆறு வருஷமாக மறக்கவில்லை, உன் சூப்பில் ஒரு துண்டு வெங்காயம் இருந்ததில்லை. புதுக் கப்பலில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? நீயும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாய். வெங்காயத்தைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பாய்.

அடுத்தது, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பது. நம் கம்பெனியில் எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி, காட்டவேண்டியதைக் காட்டி, தலையை எண்ணித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். புதியதில் அவரவர் இஷ்டம். இந்த இடத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். போன தடவை நம் மேஜையில் உட்கார்ந்தாரே அந்த மாட்டு டாக்டர், தீவில் பறவைகள் பார்க்கப் போகலாம் என்று உன்னைக் கூப்பிட்டார். உனக்கு முழங்கால் வலி என்று நான்தான் சொன்னேன். வலி இருந்ததா இல்லையா? முந்தின நாள் படி ஏறும்போது நீ கைப்பிடியைப் பிடித்ததை நான் பார்த்தேனே. மனிதர் நல்லவர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. சூப் குடிக்கும்போது மாட்டுப் பிரசவத்தைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்காக ஒரு வருஷமாக நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றால் நான் என்ன செய்ய?

என் பொறுமையையும் கொஞ்சம் எண்ணிப் பார். ஒரே கேபினில் உன்னோடு ஆறு தடவை தூங்கியிருக்கிறேன். தூங்கியிருக்கிறேன் என்பது பேச்சுக்கு. ராத்திரி முழுக்கக் குளியலறை விளக்கை எரியவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைப்பாய். நான் அணைத்துவிட்டுப் படுப்பேன். விடிந்து பார்த்தால் மறுபடியும் எரிந்துகொண்டிருக்கும். அறுபது வயதில் இருட்டுக்குப் பயப்படுகிற ஒரே ஆள் நீதான். திட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உனக்குத் தனிக் கேபின் போடு என்று ஒருநாளாவது சொன்னேனா?

இவ்வளவும் எழுதிவிட்டு ஒட்டிவிடலாம் என்றிருந்தபோதுதான் டிராவல்ஸ் பெண் கூப்பிட்டாள். எப்போதும் நம் இரண்டு டிக்கெட்டுக்கும் என் நம்பர்தானே கொடுத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் எனக்கே போட்டுவிட்டாள். “மேடம், உங்க தங்கச்சிக்கு ஒருத்தர் தங்குற கேபின் உறுதியாயிடுச்சு. உங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு பாக்கட்டுமா, இல்ல இந்தத் தடவ அவங்க மட்டுந்தான் போறாங்களா?”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல? என் தங்கை என்ன செய்யப்போகிறாள் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்பதா?

அதற்குப் பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நம் கம்பெனியில் தனியாக வருகிறவரிடமும் இரண்டு ஆளுக்கான கட்டணம் வாங்குவார்கள். புதுக் கம்பெனியில்தான் ஒருவருக்கென்றே சின்ன அறை கட்டியிருக்கிறார்கள், ஒற்றைக் கட்டில் போட்டு. உனக்குப் பதினாலு மாடியும் வேண்டாம், பதினொரு சாப்பாடும் வேண்டாம். அந்த ஒற்றைக் கட்டில்தான் வேண்டியிருக்கிறது. அதை நேரே சொல்லாமல் எனக்கு விளம்பரப் புத்தகம் அனுப்பி, கப்பல் நன்றாக இருக்கிறதா பார் அக்கா என்று கேட்டிருக்கிறாய். நானும் பைத்தியக்காரி மாதிரி உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அத்தான் போன பிறகு எனக்கு வருஷத்தில் நல்ல நாள் என்று இருந்தது அந்தப் பத்து நாள்தான். அது உனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் சொல். சுற்றி வளைக்காதே. நான் என்ன செய்தேன்?

பதில் போடு. சாப்பிட்டுவிட்டு எழுது, வெறும் வயிற்றில் எழுதாதே.

இப்படிக்கு,
இத்தனை நாளும் உன் பெட்டியையும் சேர்த்துக் கட்டிய
அக்கா

---

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளின் வணக்கம். சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ரொட்டியும் முட்டையும். முட்டையில் வெங்காயம் போட்டிருந்தேன்.

வெங்காயம் எனக்குச் சின்ன வயதில்தான் பிடிக்காது. முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். முதல் தடவை அந்த மொட்டைத்தலைக்காரர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், நீ பதில் சொல்லிவிட்டாய். அவர் அவ்வளவு அக்கறையாக எடுத்து வைத்ததால் அப்புறம் சொல்லக் கூச்சமாகிவிட்டது. ஆறு வருஷமாக நான் குடித்தது உப்புச்சப்பில்லாத சூப்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். கண்ணாடிக் கடையில் வருகிறவரை உட்காரவைத்து, ஒரு லென்ஸைப் போட்டுக் காட்டி, பிறகு இன்னொன்றைப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பேன். சில பேர் கூடவே மனைவியோ அண்ணனோ வருவார்கள். அவர்கள் முந்திக்கொண்டு “ரெண்டாவதுதான் நல்லா இருக்கு” என்பார்கள். நான் எழுத மாட்டேன். போட்டுக்கொண்டிருக்கிறவர் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பேன். நாள் முழுக்க ஊராரை இப்படிக் கேட்கிறேன் அக்கா. என்னை ஒருவரும் கேட்டதில்லை.

உன்னிடம் நேரே சொல்லாதது தப்புதான். டிராவல்ஸ் பெண்ணிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவள் பழக்கதோஷத்தில் உனக்கே கூப்பிட்டிருக்கிறாள். அவள்கூட உன்னைக் கேட்டால்தான் என்னைப் பற்றித் தெரியும் என்று நினைக்கிறாள், பார்.

முழங்கால் வலி அன்றைக்கு இருந்தது, உண்மை. இருந்தாலும் போயிருப்பேன். அவருக்கும் இடுப்பில் பிடிப்பு. இரண்டு பேரும் மெதுவாக நடந்தால் பறவை பயப்படாது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நீ வந்தாய். அவர் இந்தக் கப்பலில் வருவார் என்று நீ நினைக்கலாம். இல்லை. அவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க நினைத்த போதெல்லாம் நீ பக்கத்தில் இருந்தாய்.

அம்மா படுக்கையில் கிடந்த அத்தனை வருஷமும் நான் அம்மாவின் அறையில் படுத்தேன். உனக்கு டியூட்டி இருந்தது, குடும்பம் இருந்தது. நான் குறை சொல்லவில்லை, இருந்த நிலைமையைச் சொல்கிறேன். அம்மா போனதும், உனக்கு ஓய்வு வேண்டும் வா என்று கப்பலில் கூட்டிப்போனாய். நல்ல மனசோடுதான் கூட்டிப்போனாய். ஆனால் அங்கேயும் எனக்கு டியூட்டிதான். அது உனக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன்.

இருட்டைக் கண்டு எனக்குப் பயமில்லை அக்கா. முதல் தடவை நாம் போனபோது அத்தான் போய் நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. ராத்திரி நீ எழுந்து உட்கார்ந்து அத்தானைக் கூப்பிட்டாய். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுவரைத் தடவினாய். கை பட்டு டம்ளர் விழுந்ததுகூட உனக்கு உறைக்கவில்லை. நான் தோளைத் தொட்டதும் கத்தினாய். குளியலறை விளக்கைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தாய். “நீயா” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாய். காலையில் உனக்கு எதுவும் நினைவில்லை. டம்ளரை நான் உடைத்தேன் என்று திட்டினாய்.

ஒருநாள் இரண்டு நாள் இல்லை. ஆறு தடவையும் அப்படித்தான். விளக்கு எரிந்தால் எழுந்து பார்ப்பாய், எதிர்க் கட்டிலில் என்னைப் பார்ப்பாய், படுத்துவிடுவாய். நீ அணைத்தால் நான் எழுந்து போடுவேன்.

எனக்கு வெளிச்சத்தில் தூக்கம் வராது. அம்மாவின் அறையிலும் விளக்கு அணைந்ததில்லை. இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, கும்மிருட்டில் தூங்கப்போகிறேன். அதற்குத்தான் அந்தக் கேபின். உன்னைப் பிடிக்காமல் இல்லை.

மருந்தை வேளைக்குப் போட்டுக்கொள்.

உன் தங்கை

---

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உடனே பதில் போடவில்லை. கோபம். கை இருக்கிறதே என்று எழுதித் தள்ளிவிட்டாய் என்று நினைத்தேன். நர்ஸாக இருந்த எனக்கே நர்ஸ் வேலை பார்த்திருக்கிறாளாம் என்று சமையலறையில் பாத்திரங்களிடம் கத்தினேன். இரண்டு தட்டு நெளிந்தது.

கோபம் இன்னும் போகவில்லை. போகாமலே எழுதுகிறேன். ஆறு வருஷம் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு தியாகம் செய்வாளாம், இன்னொருத்தி ஒன்றும் தெரியாமல் அவளைத் திட்டிக்கொண்டே இருப்பாளாம். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருப்பேனே. என்னைக் கெட்டவளாக வைத்திருந்தது உனக்கும் ஏதோ ஒரு விதத்தில் சௌகரியமாக இருந்திருக்கிறது. யோசித்துப் பார். நான் யோசிக்கவேண்டியதை நானும் யோசிக்கிறேன்.

டிராவல்ஸ் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், தங்கை விஷயத்தைத் தங்கையிடமே கேட்கச் சொல்லி. எனக்கு டிக்கெட் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அதே கப்பலில் வேறு மாடியில் நான் இருந்தால் நீ தூங்க மாட்டாய். படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று நான் குரல் கொடுப்பேன், நீயும் வந்துவிடுவாய். நம் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

நீ எழுதியது நிஜமா என்று பார்க்க, இங்கே வீட்டில் குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துப் படுத்தேன். எழுந்தேன் போலிருக்கிறது. காலையில் டம்ளர் கீழே கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எதிரில் பீரோ இருந்தது. வெளிச்சம் மட்டும் போதாது போல.

இதை உன்னை வரவழைக்க எழுதுகிறேன் என்று நினைக்காதே. டிக்கெட்டை மாற்றினாயோ, அப்புறம் நடப்பது வேறு. டம்ளரை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன், முடிந்தது.

முழங்காலுக்குக் கட்டுகிற பட்டை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். வலித்தால் போடு. வலிக்கிறதா என்று நீதான் சொல்லவேண்டும். பதினொரு இடத்திலும் சாப்பிடு, வெங்காயம் கேட்டு வாங்கிச் சாப்பிடு. யாராவது பறவை பார்க்கக் கூப்பிட்டால் முதலில் ஊரைக் கேட்டு வைத்துக்கொள். திரையை ஓரம்வரை இழுத்துவிடு, கப்பலில் சூரியன் சீக்கிரம் வரும்.

திரும்பி வந்ததும் எழுது, எது நன்றாக இருந்தது, இந்தக் கப்பலா, அந்தக் கப்பலா என்று. எனக்காகப் பழையதைச் சொல்லாதே. நான் முந்திக்கொள்ள மாட்டேன். நீ சொல்லும்வரை காத்திருக்கிறேன்.

நல்ல இருட்டாக, நன்றாகத் தூங்கு.

உன் அக்கா