அலமாரிப் பொம்மைகளுக்கு விலை தேடி

என் பிரியமான அந்தோணி அண்ணனுக்கு,

நீ போன பிறகு உன் அலமாரியைத் திறந்தவன் நான்தான். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில், மேளம் தட்டும் குரங்கு, குட்டிக் கார்கள் எல்லாம் நீ வைத்த வரிசையிலேயே இருந்தன. அவற்றுக்கு விலை தேடித் தேடி அலுத்துவிட்டேன், அண்ணே.

நாகல் நகர் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். மதினி வேடசந்தூரில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். "மக வீடுன்னாலும் வெறுங்கையோட போய் நிக்க முடியாது தம்பி. நான் இல்லாட்டியும் இந்தப் பொம்மைங்க ஒன்னயப் பாத்துக்கிடும்னு ஒங்கண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாரு. என்ன வெலைக்குப் போகும்னு சரியா விசாரிச்சுச் சொல்லுங்க" என்றார். அந்த வாக்கை எந்தத் தைரியத்தில் கொடுத்தாய்?

இன்டர்நெட்டில் இதே மாதிரி ரயிலுக்கு ஒருவர் கேட்கிற விலையில் ஒரு பைக்கே வாங்கிவிடலாம். மதுரையில் ஒரு பழைய சாமான் கடைக்காரரோ தகரத்தை எடைக்குத்தான் எடுப்பேன் என்றார். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. விற்ற விலையை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. இத்தனை வருடம் சேர்த்தாயே, நீ யாரைக் கேட்டாய்?

கடைசியில் பழைய பொம்மை சேர்க்கிற ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். ரயிலை எடுத்ததும் கவிழ்த்து அடியைத்தான் பார்த்தார். தகரம் துருவேறிப் பொரிந்து கிடந்தது. மேலே நீ தடவிய பெயிண்ட். குரங்குக்கும் கார்களுக்கும் அதே கதிதான்.

"ஏனுங்க, இதைத் தண்ணியில வெச்சிருந்தீங்களா?"

"குடில்லதாங்க வப்போம்" என்றார் மதினி. "கிறிஸ்மஸ்னா குடிலுக்குள்ள கேப்பையத் தூவிப் புல்லு வளப்போம்ல, அதுக்கு நெதம் தண்ணி தெளிக்கணும். பாலனைப் பாக்க சனம் ரயில்லயும் கார்லயும் வரட்டும்னு இவரு எல்லாத்தையும் அந்தப் புல்லுக்குள்ள விட்டுருவாரு. மங்கிப்போச்சுன்னா பெயிண்டும் அடிச்சிருவாரு."

வந்தவர் சிரிக்கவில்லை. தான் வாங்கியது, தெரிந்தவர்கள் விற்றது எல்லாவற்றையும் போனில் காட்டி, துருவும் புதுப் பெயிண்டும் சேர்ந்தால் எவ்வளவு குறையும் என்று பொறுமையாகச் சொன்னார். மதினிக்குச் சில மாதங்கள்கூடத் தாங்காத தொகை. எனக்கு உன்மேல் கோபம் வந்தது, அண்ணே. ஈரமண்ணில் யாராவது தகரத்தை வைப்பார்களா?

மதினிக்குக் கோபம் வரவில்லை. "இவருக்கே குடுத்துருங்க தம்பி. இம்புட்டுப் பேரைக் கேட்டோம், உள்ளதைச் சொன்னது இவரு ஒருத்தருதான்" என்றார்.

அவர் பொம்மைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு மதினி என்னைக் கூப்பிட்டார். "கல்லறைக்குப் போனா ஒங்கண்ணன்கிட்ட வெலையச் சொல்லிறாதீங்க. மனுசன் தாங்க மாட்டாரு."

சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? மதினி வந்து உன் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, எதுவும் தெரியாத மாதிரியே இரு.

நீ கொடுத்த வாக்கு இனி என்னுடையது. மாதம் பிறந்தால் வேடசந்தூர் பஸ் ஏறிவிடுவேன். மதினி வாய்விட்டுக் கேட்கும்படி ஒருநாளும் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மதினியின் கொழுந்தனும் உன் ஒரே தம்பியுமான
சவரி