கலப்பத்து அடித்த குசினி

20.4.42, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கடல்காற்று எட்டிப் பார்க்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் குண்டு விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் நிம்மதியும் இல்லை. என் வீட்டுக்காரர் பகலில் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா, பொழுது சாய்ந்தால் குண்டுவீச்சுக் காவலுக்குத் தெரு வார்டன். கழுத்தில் விசில். விஷவாயு போட்டால் மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் முகமூடி. நடையே மாறிவிட்டது.

இன்று குசினிச் சுவரில் உத்தரவு ஒட்டினார். முந்தானையை இடுப்பில் செருகு. மண்ணெண்ணெயை அடுப்பருகே வைக்காதே. ஒட்டிய கையோடு மண்ணெண்ணெய் டின் மேலேயே உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். வார்டனுக்குத் தெரியாததா!

21, செவ்வாய்

குசினி வெளிச்சம் தெருவில் தெரிகிறதாம். "ஏளா, ஒன் அடுப்பப் பாத்துதான் குண்டு போடப்போறான்." ஜப்பான்காரன் என் மீன் குழம்பைத் தேடி இத்தனை தூரம் வருகிறான்.

பழைய தோணிப்பாயை வெட்டி ஜன்னலில் ஆணியடித்தார். தோணி கட்டிய குடும்பம், கை சும்மா இருக்குமா? இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து, தார் பூசி, தோணிக்கு அடிப்பதுபோல் கலப்பத்து. புகைபோக்கியையும் விடவில்லை. வாசலுக்குப் பாய்த்திரை. கடலில் இறக்கினால் குசினி மிதக்கும்.

"பொக எங்கன போவும்?" என்றேன்.

"வெறகு எரிச்சாத்தான பொக? நாளைக்கு வேற கொண்டாரேன்."

22, புதன்

கொண்டுவந்தது கப்பலுக்குப் போடும் நிலக்கரி, ஒரு சாக்கு. முற்றத்தில் இரும்புச் சட்டியில் பற்றவைத்து, கனன்றபின் உள்ளே தூக்கிவந்தார். சுடர் இல்லை, புகை இல்லை என்று பெருமை தாங்கவில்லை. சோறு வடிப்பதற்குள் எனக்கு மண்டை பிளந்தது, குமட்டல். சொன்னேன். "வெயிலு ஏறிருக்கும்ளா." மேதை.

உப்பு தீர்ந்தது.

25, சனி

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுப் பொழுது சாயும் நேரம். கரி நெருப்பில் சாளை மீன் குழம்பு. அம்மியருகே செசிலி சொப்பு வைத்து விளையாட்டு. நாலு வயதுப் பிள்ளை, ஒரே பிள்ளை. நான் முற்றத்தில் தண்ணீர் இறைக்கப் போனேன். அவர் சோறு கேட்டுக்கொண்டே திரையை விலக்கினார். உள்ளே பிள்ளை சுருண்டு கிடக்கிறாள்.

"விஷவாயு! விஷவாயு போட்டுட்டான்!"

முகமூடியைத் தன் மூஞ்சியில் மாட்டினார். விசில் கழுத்தில் ஆட, தெருவுக்கு ஓட்டம். எதிர்வீட்டுத் தங்கம் கேட்டது எனக்குக் கேட்டது: "அண்ணாச்சி, பிள்ள எங்க?" ரப்பருக்குள்ளிருந்து ஏதோ முனகல். வீட்டைக் கை காட்டினாராம்.

நான்தான் தூக்கி வந்தேன். முற்றத்து மணலில் போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து, மாதாவைக் கூப்பிட்டு. வெகுநேரம் அசையவில்லை. பிறகு வாந்தி, பிறகு அழுகை. இப்படி ஓர் இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. ஜப்பான்காரன் போட்ட வாயு எங்கள் இரும்புச் சட்டியில் கனன்றுகொண்டிருந்தது. தங்கம் அதைத் தூக்கித் தெருவில் கொட்டினாள். நான் தோணிப்பாயை அரிவாளால் கிழித்தேன்.

செசிலி இன்று கஞ்சி குடித்தாள். அவர் காலையில் ஆபீசுக்குப் போனார்.

சுவரிலிருந்த உத்தரவை நான் கிழிக்கவில்லை. அடியில் கரித்துண்டால் ஒரு வரி சேர்த்தேன்: ஓடும்போது பிள்ளையையும் தூக்கிக்கொள்.

அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை. சோற்றுக்கு வருவாரல்லவா.