கேப்பை தின்ற புழுக்கள்

ஜூன் 8, ஞாயிறு

டப்பாவைத் திறந்தால் கேப்பை மாவு தானாக அசைகிறது. உள்ளே அத்தனையும் புழு, ஒவ்வொன்றும் அவ்வளவு குண்டு. தவிட்டில் வளர்த்தபோது இப்படி இல்லை. என் கெக்கோ பல்லி ஜில்லு வாலை ஆட்டி ஆட்டிப் பாய்ந்து, போட்டதையெல்லாம் முடித்துவிட்டது.

ஜில்லுவை முன்னே வளர்த்தவர் கூடவே கொடுத்த கால்சியம் பவுடர் தீர்ந்து ரொம்ப நாளாகிறது. ஜில்லுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு எதற்கு அந்த வெள்ளை மாவைப் புழு மேல் தூவிக்கொண்டு? கேப்பையில் இல்லாத கால்சியமா? கைக்குழந்தைக்கே அதைத்தானே காய்ச்சிக் கொடுக்கிறார்கள். புழு கேப்பையைத் தின்னும், பல்லி புழுவைத் தின்னும். முடிஞ்சுது.

அம்மா மாவுத் தூக்கை எட்டிப் பார்த்தது. "நாங்க கூழு காய்ச்ச கேப்பை தேடிக்கினு இருக்கோம், இங்க புழுவுக்கு விருந்து நடக்குது. ஊர்ல பல்லிய தொடப்பத்தால அடிப்பாங்க. எம்பொண்ணு மெத்த போட்டு வச்சிக்கினு இருக்குது."

மெத்தை இல்லை, சூடு தரும் பாய். சொன்னால் இன்னும் திட்டும்.

நாளைக்கு ரீல்ஸ் எடுக்கணும்.

ஜூன் 11

ரீல்ஸ் பிச்சிக்கினு போகுது. "கேப்பை இருக்க கால்சியம் டப்பா எதுக்கு மக்களே" - அந்த ஒரு வரிக்கே எவ்வளவு பேர் சிரித்திருக்கிறார்கள். திண்டிவனத்தில் ரயில் ஏறியதிலிருந்து விழுப்புரத்தில் இறங்கி காலேஜ் போகும் வரை போனைக் கீழே வைக்கவில்லை.

நெடுஞ்செழியன் என்று ஒருத்தர் மட்டும்: "தங்கச்சி, இந்தப் புழுவுல பாஸ்பரஸ் தான் ஜாஸ்தி. அது தின்ன கேப்பை பத்தாது. குட்டிங்களுக்கு பவுடர் தூவாம குடுக்காதீங்க."

பொறாமை. கமெண்டை அழித்து, ஆளையும் பிளாக் பண்ணிவிட்டேன்.

ஜூன் 15

சுகுமார் விக்கிரவாண்டியிலிருந்து பஸ் ஏறி என்னிடம் விலைக்குப் புழு வாங்க வந்தான். டோல்கேட் பக்கம் புரோட்டா கடையில் வேலை. என் பேஜில் எதைப் போட்டாலும் முதல் ஹார்ட் அவனுடையதுதான். கையில் ஸ்வீட் டப்பா, அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி கெக்கோ. பெயர் சால்னா.

"நாள் பூரா அதையே ஊத்திக்கினு இருக்கேன்கா. வேற பேரே வர்ல."

"பவுடரும் வாங்கிக்கட்டுமாக்கா?" என்று கேட்டான்.

"வேஸ்ட்டுடா" என்றேன்.

ஆகஸ்ட் 3

சுகுமார் வீடியோ அனுப்பினான். சால்னா வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடக்கிறது. "முட்டிய ஊனிக்கினு போகுதுக்கா. இப்பிடித்தான் நடக்குமா?"

சூடு பத்தவில்லை, பாயின் சூட்டைக் கூட்டு என்றேன். அதுவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 12

"வாய தொட்டா ரப்பர் மாதிரி அமுங்குதுக்கா. புழுவ புடிக்குது, மெல்ல முடியாம விட்டுடுது. அந்த பவுடர வாங்கிடட்டா?"

'வாங்கு' என்று டைப் பண்ணினேன். அனுப்பவில்லை. ரீல்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குக் கூட யாரோ நன்றி சொல்லியிருந்தார்கள். 'வாங்கு' என்றால் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும்.

அழித்துவிட்டு, 'புழுவுக்கு கேப்பை இன்னும் நிறைய போடு' என்று அனுப்பினேன்.

"சரிக்கா."

ஆகஸ்ட் 13

ஏன் அழிச்சேன்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புதுச்சேரியில் பல்லி, ஆமை எல்லாம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனோம். சுகுமார் லீவு போட்டிருந்தான். ஸ்வீட் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான், பஸ் குலுங்கும்போதெல்லாம் மேலே தூக்கினான்.

எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டுமாம். சால்னாவுடையது புகை மாதிரி இருந்தது.

"குட்டி வேகமா வளரும். சாப்பாட்டுல கால்சியம் கிடைக்கலன்னா தன் எலும்புல இருக்கறதையே எடுத்துக்கும்" என்றார் டாக்டர். "பவுடர் யாரு வேணாம்னது?"

சுகுமார் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "ஆன்லைன்ல பாத்தேன் சார்" என்றான்.

நான் பக்கத்திலேயே நின்னுக்கினு இருந்தேன். வாய் திறந்து நான்தான்னு சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லல.

என் ஜில்லு எப்படித் தப்பித்தது என்று மட்டும் கேட்டேன். அது முழுசாக வளர்ந்தது, முன்னே வளர்த்தவர் வருஷக்கணக்காகப் பவுடர் தூவியிருக்கிறார். அந்தச் சேமிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரு நாள் தீரும் என்றார். இரண்டுக்கும் மருந்து எழுதினார். சால்னாவின் வளைந்த கால் இனி நேராகாது. தாடை கெட்டியாகலாம், ஆகாமலும் போகலாம்.

திரும்பும்போது சுகுமார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 25

ரீல்ஸை அழித்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று புதிதாக ஒன்று போட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை. பழையதை வேறு பேஜ்காரர்கள் என் பெயரை வெட்டிவிட்டு அப்படியே போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி எழுதினேன், பதில் இல்லை.

நெடுஞ்செழியனை அன்பிளாக் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "குட்டி உசுரோட இருக்குதாம்மா?"

செப்டம்பர் 7

சால்னாவுக்கு மருந்தையும் மசித்த புழுவையும் சொட்டுச் சொட்டாக மூக்கு நுனியில் வைத்து நக்க வைக்க வேண்டும். சுகுமாருக்குக் கடையில் மூச்சு விட நேரமில்லை. இன்று டப்பாவோடு வந்தான்.

"நீயே வச்சிக்கக்கா. நான் வேலைக்குப் போயிட்டா பட்டினி கெடக்குது."

"நல்லானதும் வாங்கிக்கடா" என்றேன்.

அவன் மூடியைத் திறந்து அதன் முதுகை ஒரு விரலால் தடவினான். அம்மா டீ போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டான்.

செப்டம்பர் 19

சால்னா நக்கியது. சுகுமாருக்கு வீடியோ அனுப்பினேன். பார்த்திருக்கிறான்.

அக்டோபர் 5

இரண்டு தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பவுடர் தூவிய புழுவைப் போட்டதும் ஜில்லு பாய்ந்தது. சால்னா கண்ணாடி வழியாக அதைப் பார்த்தது. தலையைத் தாழ்த்தி, வாலை லேசாக ஆட்டியது, தானும் பாயப் போகிற மாதிரி. தாடை இன்னும் கெட்டியாகவில்லை. ஒரு புழுவை மசித்து, பவுடர் கலந்து, விரல் நுனியில் வைத்து நீட்டினேன்.

அப்போது வாசலில் அம்மாவின் போனில் சத்தம் கேட்டது. "கேப்பை இருக்க கால்சியம் டப்பா எதுக்கு மக்களே." அம்மாகூட வேலைக்கு வரும் பரிமளா அக்கா அனுப்பியிருக்கிறது.

அம்மா போனைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "ஏய், இது உன் கொரலுதான? எவ்ளோ தைரியமா பேசறா பாரு எம்பொண்ணு."

"ஆமாம்மா. என் குரல்தான்."

அம்மா முதலிலிருந்து இன்னொரு தடவை போட்டது. சால்னா நக்கி முடிக்கும் வரை நான் விரலை அசைக்கவில்லை.