அம்மாவின் செண்டுடுக் செடி

மகனே விக்னேஸ்வரா, அம்மாவின் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு எழுதுகிறேன், எல்லாம் நிஜம்.

அம்மா வாசலில் வளர்த்த ஊதாப்பூ செண்டுடுக்கைக் களை என்று நினைத்து மருந்தடித்துவிட்டாய். அதற்காகப் பட்டினி கிடக்காதே. மேசையில் சோறும் நெத்திலிச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன்.

பீடோர் எஸ்டேட்டில் அம்மாவும் அதற்கு மருந்தடித்தவள்தான். இன்று அடித்தால், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவளுக்கு முன்பே செடி பேர் கொடுக்க வந்து நிற்கும். "யாரு முத்தம்மா இது, ஒன் தங்கச்சியா?" என்று கங்காணியே கேட்டார். வேலையை விட்டதும், "பாவம்லா அது" என்று இங்கே கொண்டுவந்து நட்டாள்.

மழையே இல்லாத வருஷமும் பூத்த செடி. தண்ணீர் ஊற்றாதே, தானே துளிர்க்கும். நான் பீடோர் வரை போய்வருகிறேன்.

அப்பா

எழுத விட்டுப்போனது: காலையில் வேரைக் கீறிப் பார்த்தேன். உள்ளே வரை காய்ந்துவிட்டது.