முப்பத்திரண்டு எண்ணும்வரை

மார்ச் 9, 1998. திங்கள்
மாலை மழை. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு செருப்பு போயே போச்சு.

ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டும் துடைத்தேன். ரூபன் வெளிநாட்டு வேலைக்கு, லீட்ஸுக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனவை. கூடவே பதினோரு ரெக்கார்டு, எல்லாம் டிரம் அண்ட் பேஸ், படபடவென்று ஓடும் தாள இசை. "பத்திரமா வெச்சுக்கோ, மெர்ஸி" என்றான். ஆறு மாதமாயிற்று. அவன் கை பட்ட இடம் என்று நினைத்துக்கொண்டேதான் துடைக்கிறேன்.

அவன் அக்கா கிளாராவிடமிருந்து போன். "ஞாயித்துக்கிழமை வேன் கொண்டு வரேம்மா. அந்த செட்ட கிள்ளான்ல ஒருத்தர் கேக்குறாரு. தம்பியே குடுத்துருன்னுட்டான்."

அப்படியென்றால் திரும்பி வருவதாக இல்லை.

ஞாயிறுக்குள் ஒரே ஒரு மிக்ஸ். ஒரு ரெக்கார்டு ஓடும்போதே இன்னொன்று அதே வேகத்தில் வந்து சேர வேண்டும், தையல் தெரியாமல். கேசட்டில் பிடித்து அவனுக்கு அனுப்ப வேண்டும்.

மார்ச் 10
வேகம் சரி. வேகம் மாற்றும் பிட்ச் விசை மூன்றுக்குச் சற்று மேலே. ஆனாலும் இரண்டும் அடிதடி. அம்மா: "என்னடி இது, தகர டின்ன படியில உருட்டுற மாதிரி."

வாங்க: செருப்பு. கேசட், 60 நிமிடம். அப்பா மாத்திரை.

ஏக்கமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

மார்ச் 12. வியாழன்
சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. வழக்கம்போல் கைத்தட்டோடு பாட்டை எடுத்தேன். மாஸ்டர் நிறுத்தினார். "மெர்ஸி, சத்தமா கேக்குறதெல்லாம் தாளத்தோட ஒண்ணு இல்லலா. இதுல தட்டு ரெண்டாவதுல விழுது. ஒண்ணு அதுக்கு முன்னாடியே போயிருச்சு."

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தேன். என் ரெக்கார்டிலும் அதேதான். ஓங்கி விழும் "டக்"கை ஒன்று என்று எண்ணி, அதன்மேல் இரண்டாவது ரெக்கார்டை விட்டுக்கொண்டிருந்தேன். அதுவோ "தும்"மில் தொடங்குகிறது. ஒன்று என்பது அந்தத் "தும்". சத்தம் குறைந்தது, காதில் விழாமலே போய்விடும்.

மார்ச் 14
முப்பத்திரண்டு எண்ணும்வரை இரண்டும் ஒன்றாக ஓடின. அழுதுவிட்டேன். அப்புறம் இரண்டாவது முந்தப் பார்த்தது, விரலால் ஓரத்தைத் தொட்டு இழுத்தேன். கேசட்டில் ஏறிவிட்டது.

செருப்பு மறந்தேன்.

மார்ச் 15. ஞாயிறு
நல்ல வெயில். கிளாரா அக்கா வந்தார். டீ ஆற்றிக்கொண்டே, "ஒம்மேல கோவமாத்தான் போனான், தெரியுமா? ஏர்போர்ட்ல 'வரியா'ன்னு கேட்டானாம். நீ 'சரி, போய்ட்டு வா'ன்னு சிரிச்சியாம். இன்னும் அதையே சொல்லிட்டிருக்கான்."

என் காதில் விழுந்தது "வரட்டா". புறப்படும் எல்லாரும் கேட்பதுதானே. சுபாங் ஏர்போர்ட்டில் அத்தனை இரைச்சல், அவனோ வாய்க்குள்ளேயே பேசுகிறவன். என்றைக்காவது ஓங்கிச் சொல்வான் என்று நான், மடச்சி, ஆறு மாதம் காத்திருந்தேன்.

எல்லாம் வேனில் ஏறியாயிற்று. கேசட்டை அக்காவே அனுப்புகிறாராம். உறையில் "வரேன்" என்று எழுதி, வெறுங்காலோடு இறங்கிப் போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வேன் நகர்ந்தது. புறப்படுகிறவர்கள் சொல்வதும் அதே "வரேன்"தான் என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் நிறுத்தி, கேசட்டைத் திரும்ப வாங்கி, பக்கத்தில் இன்னொரு வார்த்தை எழுதினேன்: லீட்ஸுக்கு.