இரண்டாம் பாகத்தின் கடைசித் தாள்

ஈப்போ,
3.2.2024

அன்புத் தங்கச்சி புஷ்பலதாவுக்கு,

சுகுமார் அண்ணன் எழுதுவது. நானும் உம்முடைய அண்ணியும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீரும் பிள்ளைகளும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கலாம். ஆனாலும் நல்ல காரியத்தைக் கையால் எழுதிக் கேட்பதுதான் மரியாதை.

நம் செராயாத் தோட்டத்துப் படிப்பகப் புத்தகங்கள் நாற்பது வருடமாக என் வீட்டு மேல்மாடியில் இருப்பது உமக்குத் தெரியும். தலைநகரில் ஒரு நூலகம் அவற்றை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. இனிக் கறையான் பயமில்லை. ஒன்றுதான் குறை. அந்த மூன்று பாக நாவலில் இரண்டாம் பாகத்தைக் காணவில்லை. கடைசியாக எடுத்தவர் உம்முடைய அப்பா என்று ஞாபகம். சன்னாசிப் பெரியவர் அதைத் திருப்பித் தருவதற்குள் காலமாகிவிட்டார். குறையாகச் சொல்லவில்லை. உம்மிடம் இருந்தால் அனுப்பிவிடும். மார்ச் கடைசியில் ஒப்படைக்கிறேன்.

அன்புடன்,
தி. சுகுமார்


தெலுக் இந்தான்,
14.2.2024

அன்புள்ள சுகுமார் அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடமாகிவிட்டது! தோட்டத்துப் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தபோதும் இதே சாய்ந்த எழுத்துதான். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்க்கச் சொன்னதாக அண்ணியிடம் சொல்லுங்கள். ஒரு கோபமும் உண்டு. ஈப்போ என்ன சீமையிலா இருக்கிறது? என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட நீங்கள் வரவில்லை. போகட்டும்.

இரண்டாம் பாகம் என்னிடம்தான் இருக்கிறது. அப்பா கடைசியாகப் படித்த பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த தீக்குச்சியை நான் இன்னும் எடுக்கவில்லை. நானே கொண்டுவந்து தருகிறேன்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். முதல் பாகத்தின் கடைசித் தாளை நான் பார்க்க வேண்டும். படிப்பகத்துச் சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. புத்தகம் எடுப்பவர் அதன் கடைசித் தாளில் தன் பெயரைத் தானே எழுத வேண்டும், கைநாட்டு செல்லாது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், எழுத வராது. படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட கனகராஜ் மாமா, “பேரு எழுதப் பழகிட்டு வாலா, புத்தகம் எங்கயும் ஓடிப் போகாது” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பென்சில் பிடிக்க அப்பாவுக்கு வெட்கம். ரப்பர்ப் பால்மரத்துப் பட்டையில் வெட்டுக்கத்தியால் கீறிக் கீறிப் பழகினார். வேலையை மேற்பார்க்கும் தண்டல் அதைப் பார்த்துவிட்டு, “மரத்தையா கெடுக்கிற? ஒரு வாரம் வேலைக்கு வராதே” என்று விரட்டிவிட்டார். ஏழு மரத்தில் அப்பா பெயர் இருந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் முதல் பாகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அவர் தாளில் எழுதிய முதல் எழுத்து அது. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், அது போதும் எனக்கு.

உங்கள் தங்கச்சி,
புஷ்பலதா


ஈப்போ,
2.3.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உம்முடைய கடிதம் மனதைத் தொட்டது. கேட்டதைத் தர முடியாததற்கு வருந்துகிறேன். கடைசித் தாள் முழுக்கப் பால் கறை, வெற்றிலைக் கறை. ஒரு தாளில் முப்பது பெயர், அதில் பாதி பிழை. பெரிய இடத்துக்குப் போகும் புத்தகங்களை அந்தக் கோலத்தில் அனுப்பலாமா? நூலகத்தாரும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் பிளேடால் பக்குவமாக எடுத்துவிட்டேன், புத்தகத்துக்கு ஒரு சேதமுமில்லை. எடுத்த தாள்களைக் கொல்லையில் போட்டு எரித்தாயிற்று. படித்தவர்கள் போய்விட்டார்கள், புத்தகமாவது நிற்கட்டும்.

இன்னொரு நல்ல செய்தி. அலமாரியின் மேல் “கிராணி தியாகராஜா நினைவுத் தொகுப்பு” என்று, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய என் அப்பாவின் பெயரில் பலகை வைக்கிறார்கள். நம் தோட்டத்துக்கே பெருமை அல்லவா? ஒப்படைக்கும் விழாவுக்கு வாரும், முன்வரிசையில் உமக்கு இடம் போட்டிருக்கிறேன். இரண்டாம் பாகத்தை மறக்காமல் கொண்டு வாரும். அதன் கடைசித் தாளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தி. சுகுமார்


தெலுக் இந்தான்,
21.4.2024

திரு. சுகுமார் அவர்களுக்கு,

உங்கள் விழாவுக்கு நான் வரவில்லை. போன வாரம் தனியாக பஸ் ஏறி அந்த நூலகத்துக்குப் போனேன். பலகையைப் பார்த்தேன். முதல் பாகத்தைக் கேட்டு வாங்கி, கடைசியில் விரலை வைத்துத் தடவினேன். வெட்டிய ஓரம் தட்டுப்பட்டது. அங்கே வேலை செய்யும் ஷாமினி என்ற பெண் பக்கத்தில் வந்து, “ஆன்ட்டி, அந்தப் பேருங்கதான் எங்களுக்கு முக்கியமா வேணும். தோட்டத்துல யார் யாரு படிச்சாங்கன்னு தெரிஞ்சிருக்கும். வரும்போதே இப்படித்தான் வந்துச்சு, நாங்க வெட்டச் சொல்லவே இல்லலா” என்று வருத்தப்பட்டாள்.

ஆக, நீங்களாகச் செய்த வேலை. ஏன் செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். “செராயாத் தோட்டத் தொழிலாளர் படிப்பகம்” என்ற முத்திரை அந்தத் தாளில்தான் இருந்தது. அது இருந்தால் பலகையில் உங்கள் அப்பா பெயர் ஏறாது. கிராணி ஐயா ஒருநாள்கூடப் படிப்பகத்து வாசலை மிதித்ததில்லை. “பால் வெட்டுறவனுக்குப் புத்தகம் என்னத்துக்கு?” என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் கேட்டவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று அது உடைந்தபோது எங்கள் ஆட்கள் அந்தப் புத்தகங்களை உங்கள் மேல்மாடிக்குச் சுமந்தது, உங்களுடையது கல்வீடு, மழை படாது என்ற நம்பிக்கையில். கொடுக்கவில்லை, வைக்கச் சொன்னார்கள்.

ஏழு மரத்தைக் கெடுத்து, ஒரு வாரம் வேலையில்லாமல் நின்று அப்பா பழகிய எழுத்தைக் குப்பையோடு கொளுத்திவிட்டு, அதை எனக்கே நல்ல செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இனி உங்களை அண்ணன் என்று எழுத எனக்குக் கை வராது.

இரண்டாம் பாகம் உங்களுக்கு வராது. எங்கள் ஃபிளாட்டில் மேல்வீட்டு தினேஸ்வரி படிக்கக் கேட்டாள். முதல் பாகம் எங்கே என்றாள், நடந்ததைச் சொன்னேன். கடைசித் தாளைத் திருப்பி, அப்பாவின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் தேதியையும் எழுதி எடுத்துப் போனாள். மீன் குழம்பு வைத்துக்கொண்டே படிக்கிறாளாம், இரண்டு பக்கத்தில் மஞ்சள் பட்டுவிட்டது என்று வந்து சொன்னாள். இருக்கட்டும் என்றேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டுமென்றால் வரிசையில் நின்று, கடைசித் தாளில் பெயர் எழுதி வாங்கிப் போகலாம். பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
சன்னாசி மகள் புஷ்பலதா